எங்கள் வீட்டு இரண்டாவது விமானம்

எங்கள் வயலில் விமானம் விடுவதற்கென்று ஒரு பருவம் உண்டு. உளுந்து பறித்து முடித்த பிறகு நிலம் வெறுமனே கிடக்கும். ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தாலும், எங்கள் நெடுங்காட்டுப் பக்கத்து வாய்க்காலுக்கு அது வந்து சேர நாளாகும். நாங்கள் கடைமடை. ஊரே வாய்க்காலை எட்டி எட்டிப் பார்க்கிற அந்த நாட்களில், இன்னும் கொஞ்சம் தாமதமாக வரட்டும் என்று நினைக்கிற ஒரே மனிதர் என் வீட்டுக்காரர்தான். தண்ணீர் வந்துவிட்டால் அவருக்கு விமானத்தை இறக்க இடமில்லை.

எனக்கோ தண்ணீர் சீக்கிரம் வந்தால் தேவலை என்றிருக்கும். அதை நான் அவரிடம் சொன்னதில்லை.

எங்கள் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட பூமி; அவரும் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். எங்களுக்கு ஒரே மகன். பாரீசுக்கு வெளியே ஓர் ஊரில் குடும்பத்தோடு இருக்கிறான். சில வருஷங்களுக்கு முன்னால் வந்தபோது அப்பாவுக்கென்று ஒரு சின்ன விமானத்தைப் பெட்டியில் கொண்டுவந்தான். கையில் ஒரு பெட்டி, அதில் இரண்டு குச்சிகள். குச்சியை ஆட்டினால் மேலே பறக்கிற விமானம் கேட்கும். புதிதாகப் பழகுகிறவர்களுக்காகவே செய்தது அது. உடம்பெல்லாம் வெள்ளை நுரை. இறக்கை உடம்புக்கு மேலே இருக்கும். நாம் தப்பு செய்துவிட்டுக் குச்சியை விட்டுவிட்டால் தானாகவே நிமிர்ந்துகொள்ளும். இவர் ஒரே கோடையில் பழகிவிட்டார்.

மறு வருஷம் அவருக்குக் கண் போக ஆரம்பித்தது. முழுக்கப் போகவில்லை. நடுவில் மட்டும் ஒரு கறை. எதைப் பார்க்கிறாரோ அது தெரியாது, அதைச் சுற்றி இருப்பது தெரியும். வரப்பில் தடுமாறாமல் நடப்பார், எதிரே வருகிறவரின் முகம் தெரியாது. அண்ணாந்தால் வானம் தெரியும், விமானம் தெரியாது. புதுச்சேரியில் பெரிய டாக்டரிடம் காட்டினோம். இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது என்று சொல்லிவிட்டார். மகனிடம் மூச்சு விடக்கூடாது, ஊரிலும் யாருக்கும் தெரியக்கூடாது என்று இவர் எனக்குக் கட்டளை போட்டார்.

“சொன்னா வந்து அழைச்சிக்கிட்டுப் போயிடுவான். அங்க மாடி வீட்டுல ஜன்னலுக்குப் பக்கத்துல உக்கார வெச்சிருவான். எனக்கு அது வேணாம்.”

விமானத்தை மூட்டை கட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் என்னைக் கூப்பிட்டார்.

“எட்டக்க கொக்கு உக்காந்தாக்கூட உன் கண்ணுக்குத் தெரியுமே. நீ சொல்லு, நான் ஓட்டுறேன்.”

முதலில் இடது, வலது என்று சொல்லிப் பார்த்தேன். விமானம் நம்மை விட்டுப் போகும்போது அது சரியாக இருந்தது. நம்மைப் பார்த்து வரும்போது என் இடது அதற்கு வலதாகிவிடுகிறது. நான் ஒன்று சொல்ல, அவர் ஒன்று திருப்ப, அது பக்கத்து வயல்காரரின் வைக்கோல் போரில் போய்க் குத்திக்கொண்டு நின்றது. அதன்பிறகு எங்கள் வழக்கத்துக்கே வந்துவிட்டோம். எங்கள் பக்கத்தில் யாரும் இடது வலது சொல்லிப் பேசுவதில்லை. பந்தியில் இலை போடுகிறவனிடம்கூட, கொஞ்சம் மேற்காலே தள்ளிப் போடு என்றுதான் சொல்வோம்.

“கெழக்க போவுது. தெக்க திருப்புங்க” என்பேன். கிழக்கே போகிற விமானம் தெற்கே திரும்ப வேண்டுமானால் குச்சி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அவர் மனசுக்குள் பார்த்துக்கொண்டு தள்ளுவார். என் வாயிலிருந்து அவர் காதுக்கு, காதிலிருந்து மனசுக்கு, மனசிலிருந்து கட்டைவிரலுக்கு அந்தச் சொல் போய்ச் சேர வேண்டும். அதுவரைக்கும் அந்த வெள்ளை விமானம் பொறுமையாகக் காத்துக்கொண்டிருக்கும்.

இப்படியே கோடைக்குக் கோடை ஓடியது. வெயில் சாயத் தொடங்கினால் அவர் கிளம்பிவிடுவார். பேட்டரி தீருகிற வரைக்கும் நான் அண்ணாந்துகொண்டே நிற்க வேண்டும், வாயை மூடவும் முடியாது. கழுத்து நோகும், முழங்கால் நோகும், தொண்டை காய்ந்துவிடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ரோட்டோரம் போகிறவர்களுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்? அவர் பாட்டுக்கு விமானம் விடுகிறார், பெண்டாட்டி பக்கத்தில் நின்று தொணதொணத்துக்கொண்டே இருக்கிறாள். ஆடு ஓட்டிக்கொண்டு போன ஒருத்தி நின்று கேட்டேவிட்டாள்.

“ஏக்கா, அவங்களை வீட்டுலதான் விட மாட்டேங்குறீங்க. இங்கயாச்சும் செத்த நேரம் நிம்மதியா விடக்கூடாதா?”

நான் அதிகம் பேசிப் பழகியவள் இல்லை. ஒரு வார்த்தை சொன்னாலும் அது நிற்க வேண்டும் என்று வளர்ந்தவள். கல்யாண வீடுகளில் என்னைக் கேட்காமல் சீர் வைக்க மாட்டார்கள். அப்பேர்ப்பட்டவளுக்கு ஊரில் வாயாடி என்று பேர் வந்தது. இவருக்காக அதையும் வாங்கிக்கொண்டேன்.

இந்த வருஷம் அந்த வெள்ளை விமானம் ஓய்ந்துபோனது. உடையும்போதெல்லாம் ஒட்டி ஒட்டி அதன் மூக்கு கனத்துவிட்டது. எறிந்தால் மேலே ஏறாமல் கட்டாந்தரையில் உரசிக்கொண்டு போய் நின்றது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. அன்றைக்கே மகன் போனில் முகம் காட்டி, இரண்டாவது விமானம் வாங்கிவிடலாம் என்றான். இரண்டு படங்களை அனுப்பினான். ஒன்று சாம்பல் நிறம், சண்டை விமானம் மாதிரி, இறக்கை உடம்புக்குக் கீழே. இன்னொன்று மஞ்சள். வெள்ளையைவிடப் பெரியது, ஆனால் பழையபடி இறக்கை மேலே.

“எல்லாரும் ரெண்டாவதா கீழ் றெக்கைதான்ப்பா வாங்குவாங்க. திரும்பவும் மேல் றெக்கையே வாங்குனா, அதே வகுப்புல ரெண்டாவது வருஷமும் உக்காந்த மாதிரி” என்றான்.

“நான் ரெண்டாம் வகுப்புல ரெண்டு வருஷம் உக்காந்தவதான். அதுக்கு என்ன இப்ப?” என்றேன்.

அவனும் சிரித்தான், இவரும் சிரித்தார். படத்தில் எதுவும் தெரியாமலேயே இவர், “அந்தச் சாம்பல்தான் பாக்க எடுப்பா இருக்கு” என்றார். போனை வைத்ததும் என் பக்கம் திரும்பி, “எப்படி இருக்கு? சொல்லு” என்று கேட்டார். சொன்னேன். பட்டாளத்தில் பார்த்தது ஏதோ ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் மலர்ந்துவிட்டது.

திருநள்ளாற்றில் லாட்ஜ் வைத்திருக்கும் ஒருவரும் இந்த விமானப் பைத்தியம். சனிக்கிழமை கூட்டம் போக மற்ற நாட்களில் எங்கள் வயலுக்கு வருவார். எங்களை மாமா, அத்தை என்று முறை சொல்லிக் கூப்பிடுவார். அவரிடம் ஒரு கீழ் இறக்கை விமானம் இருந்தது.

“வாங்குறதுக்கு முன்னால என்னுதை ஒரு தடவ ஓட்டிப் பாருங்க மாமா” என்றார்.

குச்சிகள் உள்ள பெட்டிகள் இரண்டை அந்த ஒரே விமானத்துக்கு இணைத்து வைத்தார். ஒன்று இவர் கையில், ஒன்று அவர் கையில். இவருக்குத் தவறினால் அவர் ஒரு பொத்தானைத் தட்டி விமானத்தைத் தன் கைக்கு வாங்கிக்கொள்ளலாம். அவரே மேலே ஏற்றி, “இப்ப உங்க கையில மாமா” என்று விட்டார்.

அது காத்திருக்கிற ஜாதி இல்லை. சாய்த்தால் சாய்ந்தபடியே போகிறது. யாராவது நிமிர்த்துகிற வரைக்கும் நிமிராது. “கெழக்க போவுது” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அது வடக்கே போய்க்கொண்டிருந்தது. “வடக்க, வடக்க” என்றேன். அதற்குள் எங்களைப் பார்த்து வந்தது. நான் சொன்ன பழைய சொல்லுக்கு அவர் கட்டைவிரல் அப்போதுதான் திரும்பியது.

லாட்ஜ்காரருக்குப் பொறுக்கவில்லை. “அத்தை, நீங்க பேசப் பேசத்தான் மாமா தடுமாறுறாங்க. செத்த வாய மூடிக்கிட்டு இருங்களேன்!”

நான் மூடிக்கொண்டேன். வேறென்ன செய்ய? பேசினால் ஏன் பேசுகிறேன் என்று சொல்ல வேண்டிவரும். இவர் முகத்தைப் பார்த்தேன். கண் வானத்தில் இருக்கிறது, காது என்மேல் இருக்கிறது. இரண்டு கட்டைவிரலும் குச்சிமேல் அப்படியே நின்றுவிட்டன. விமானம் சாய்ந்தபடியே இறங்கி வந்தது. வைக்கோல் போர் உயரத்துக்கு வந்தபோது லாட்ஜ்காரர் பொத்தானைத் தட்டித் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

“கை கொஞ்சம் லேட்டா வருது மாமா. பழகுனா சரியாயிடும். சாம்பலையே வாங்குங்க” என்றார் தாராளமாக.

தாமதம் அவர் கையில் இல்லை. என் வாயில் இருந்தது. அது எனக்கும் இவருக்கும் மட்டும் தெரியும்.

வீட்டுக்கு வந்து தரையில் முந்தானையை விரித்துப் படுத்தேன். அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. சாம்பல் வந்தால் ஒரே சாயங்காலம். எறிவோம், விழும், நொறுங்கும். அதோடு இந்தப் பாடு முடிந்துவிடும். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. மகன் சொன்னது, லாட்ஜ்காரர் சொன்னது, இவரே ஆசைப்பட்டது. பிறகு எல்லாப் பெண்களையும் போல நானும் வெயில் தாழும் வரைக்கும் படுத்துக் கிடக்கலாம். மகன் மறுபடி கூப்பிட்டபோது, “சாம்பலையே வாங்குப்பா” என்றேன். அவனுக்கு ஒரே சந்தோஷம். நாளைக்குப் பணம் கட்டிவிடுகிறேன் என்றான்.

மறுநாள் காலையில் நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். இவர் விமானமில்லாத வெறும் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

“சொல்லு பாப்போம். வேகமா சொல்லு.”

“என்னத்தைச் சொல்றது?”

“பிளேன் மேல இருக்குன்னு வெச்சிக்க. முழுசா சொல்லாத. கெழக்குக்குக் ‘கெ’ன்னு சொல்லு, போதும்.”

கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னேன். கெ, தெ, வ, மே. கட்டைவிரல்கள் திரும்பின. “இன்னும் வேகமா” என்றார். சொன்னேன். அவர் விரல் ஒரு சொல் பின்தங்கியது. பிறகு இரண்டு சொல். வியர்த்துவிட்டது அவருக்கு. “இன்னொரு தடவ” என்றார். அதற்கு அடுத்த தடவையும் அப்படித்தான். பெட்டியை மடியில் வைத்துவிட்டு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“விடு. விழுந்தா விழட்டும். உனக்கும் காலு நோவாது.”

கோபமாகச் சொல்லவில்லை. என் முகம் இருக்கிற பக்கம் திரும்பி, காப்பி ஆறிப்போச்சு என்கிற மாதிரி சொன்னார். நான் தரையில் படுத்துக்கொண்டு நினைத்தது அத்தனையும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் கிழக்குக்கு ஒரு எழுத்துப் போதும் என்று வந்து உட்கார்ந்திருக்கிறார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. கீரைத் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். படத்தைத் தொட்டால் மகனுக்குப் போகும், அவ்வளவு எனக்குத் தெரியும். அங்கே விடிந்தும் விடியாத நேரம். தூக்கக் கலக்கத்தில் எடுத்தான்.

“பணம் கட்டிட்டியா?”

“இன்னும் இல்லம்மா. என்ன ஆச்சு?”

“சாம்பல் வேணாம். மஞ்சளை வாங்கு.”

“ஏம்மா? நேத்திக்கு நீதானே சொன்ன?”

பெரிசாக இருந்தால் தூரத்தில் போனாலும் என் கண்ணுக்குத் தெரியும், மெதுவாகப் போனால் என் சொல் போய்ச் சேரும், விட்டால் தானே நிமிர்ந்துகொள்ளும். இதில் ஒன்றையாவது சொல்ல முடியுமா?

“எனக்கு மஞ்சள்தான் புடிச்சிருக்கு” என்றேன்.

“அம்மா, பிளேன் என்ன பொடவையா? கலர் பாத்து வாங்குறதுக்கு?”

பக்கத்தில் மருமகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. “அத்தை அதுக்கு மேட்சா ரவிக்கையும் கேப்பாங்க” என்றாள். அவள் பேசினால் எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொள்வாள்.

“அப்பா என்ன சொல்றாரு?” என்றான் மகன்.

இவர் வாயைத் திறப்பதற்குள் நானே சொன்னேன். “அப்பாவை என்ன கேக்குறது? இந்த வீட்டுல நான் சொல்றதுதான். மஞ்சளை அனுப்பு.”

வாயாடி என்ற பேரோடு அடங்காப்பிடாரி என்ற பேரும் அன்றைக்கு வந்து சேர்ந்தது. போனை வைத்துவிட்டு மறுபடி கீரைத் தட்டை இழுத்துக்கொண்டேன். இவர் தரையைத் தடவி ஒரு கொத்தை எடுத்து இலையை உருவத் தொடங்கினார். பாதி காம்போடு வந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மஞ்சள் விமானம் வந்து சேர்ந்த அன்று, வயலுக்குக் கிளம்பும் முன்னால் சொன்னேன். “ஒண்ணு சொல்லிடறேன். இனிமே நான் நிக்க மாட்டேன். ஒக்காந்துதான் சொல்லுவேன். நாற்காலிய நீங்கதான் தூக்கிக்கிட்டு வரணும்.”

எங்கள் ஊரில் புருஷன் நிற்கப் பெண்டாட்டி நாற்காலியில் உட்காருவது என்பது சாமானியம் இல்லை. அதுவும் ரோட்டிலிருந்து தெரிகிற வயலில். அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வரப்பில் முன்னால் நடந்தார். நான் மஞ்சளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

அது மெள்ள ஏறியது. நான் உட்கார்ந்தபடி சொன்னேன், அவர் நின்றபடி திருப்பினார். டிராக்டரில் போன ஒருவர் வண்டியை மெதுவாக்கி, “என்ன ஐயா, அம்மா ஒக்காந்து மேஸ்திரி வேலை பாக்குறாங்களா?” என்று கத்தினார்.

“ஆமாப்பா! அவங்க கிட்ட வேலை பாத்து மாளல!” என்று இவரும் கத்தினார்.

நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் விமானம் தவறிவிடும். அது கடலைப் பார்த்துப் போய், திரும்பி, எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. மேக்க வருது, வடக்க திருப்புங்க, போதும், நேரா விடுங்க. பேட்டரி தீருகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தேன். கால் நோகவில்லை. வாய்தான் நொந்தது.