விமானத்துக்கு இஸ்திரி

யுத்த காலத்தில் தூத்துக்குடியில் இஸ்திரி போட்டுப் பிழைத்தேன். துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவர், தாமே செய்த பொம்மை விமானத்தைக் கொண்டுவந்தார். இறக்கையில் ஒட்டிய பட்டுத்துணியைச் சுருக்கமில்லாமல் தேய்க்க வேண்டுமாம்.

"கீறல் விழப்படாதும்மா."

இஸ்திரிப் பெட்டியின் அடியில் காய்ந்திருந்த கஞ்சியைச் சூட்டோடு மெழுகுத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போது என் கணவரின் தம்பி ஓடி வந்தான்.

"மைனி, அண்ணன் போன தோணி முங்கிட்டு. ஒருத்தரும் பொழைக்கலயாம்."

நான் துடைத்துக்கொண்டே இருந்தேன். துணி நழுவியது தெரியவில்லை, வெறுங்கையால் தேய்த்திருக்கிறேன். அந்த மனிதர் பாய்ந்து வந்து பெட்டியைப் பிடுங்கி, என் கையைத் தண்ணீரில் அமுக்கினார். அவர் கையிலிருந்த விமானம் விழுந்து இறக்கை ஒடிந்தது.

"ஐயா, ஒங்க விமானம்..."

"அது கெடக்கட்டும்மா."

துக்கம் வந்தால் உடனே அழுவோம் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு அழுகை வர வெகுநாளாயிற்று. கை மட்டும் அன்று சாயங்காலமே எரியத் தொடங்கியது.