சகலை வீட்டில் இல்லாத பெட்டி

என் மாமா லிஃப்ட் மெக்கானிக். நான் அவர் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் முதல் போன் அவருக்குத்தான் வரும். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கத்திக்கொண்டிருக்க, இவர் வெளியே நின்று, "பதறாதீங்க... காத்து வரும்... கதவை மட்டும் நோண்டாதீங்க..." என்று தாலாட்டுகிற குரலில் சொல்வார். அந்தக் குரலை நான் அப்படியே எடுப்பேன். ஒருநாள் மாடிப்படியில் நின்று நான் அந்தக் குரலில் பேச, அத்தை சமையலறையிலிருந்து, "என்னங்க, அதுக்குள்ள வந்துட்டீங்களா?" என்றார்.

இவ்வளவு நிதானமான மனிதருக்குச் சனிக்கிழமை மட்டும் ஆகவே ஆகாது.

சனிக்கிழமை விடிந்தால் மாமாவின் மகள் பையை மாட்டிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்கு ஓடிவிடுவாள். அவளுக்கு நான் வைத்த பெயர் சுண்டெலி. நான்காம் வகுப்பு. எந்தச் சந்திலும் நுழைந்து வருவாள். ஓடுவது சித்தி வீட்டுக்கு. ஆனால் சித்தியைப் பார்க்க இல்லை, சித்தப்பாவைப் பார்க்க. மாமாவின் சகலை அவர். இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. சனி ஞாயிறு லீவு. பிள்ளைகள் இல்லை. டிவிக்குக் கீழே ஒரு வீடியோ கேம் பெட்டி உண்டு. அவரும் சுண்டெலியும் சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால், சித்தி வந்து டிவியை அணைத்தால்தான் எழுந்திருப்பார்கள்.

மாமா மதியம் கிரீஸ் கையோடு வீட்டுக்கு வருவார்.

"எங்க அவ?"

"எங்க இருப்பா? என் தங்கச்சி வீட்டுலதான்," என்பார் அத்தை.

"தினம் பாக்கற அப்பன் கசக்கறான். வாரத்துல ஒரு நாள் பாக்கற சித்தப்பன் இனிக்கிறான்."

"கையைக் கழுவிட்டு வந்து சாப்பிடுங்க."

சாயங்காலம் சுண்டெலி திரும்பி வந்து மூச்சு விடாமல் கதை சொல்லும். "அப்பா, இன்னிக்கு சித்தப்பா பாறையிலேர்ந்து விழப் பாத்தாரு. நான்தான் காப்பாத்தினேன்!"

"நான் இன்னிக்கு நிஜமாவே நாலு பேரைக் காப்பாத்தினேன். அதை யாராச்சும் கேட்டீங்களா?"

"லிஃப்ட்லேர்ந்துதானே?" என்று சொல்லிவிட்டு அது சாப்பிடப் போய்விடும்.

ஒருநாள் மாமா என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். "உனக்குத்தான் இந்தக் கருமமெல்லாம் தெரியுமே. எந்தப் பெட்டி வாங்கினா அவ வீட்டுல இருப்பா?"

"அவளையே ஒரு வார்த்தை கேட்டுடலாமே, மாமா."

"கேட்டா அவ அவன்கிட்ட சொல்வா. அவன் உடனே ஆலோசனை சொல்ல வந்துடுவான். வேண்டாம், நீ கிளம்பு."

கடையில் மூன்று பெட்டிகள் இருந்தன. ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு, மூன்றாவது கையில் தூக்கிக்கொண்டே விளையாடுகிற குட்டி. கடைக்காரப் பையன் மூச்சு வாங்காமல் ஒப்பித்தான்: "சார் இதுல பிக்சர் கிளாரிட்டி வேற லெவல் சார், இதுல ஸ்பீடு வேற லெவல் சார், இது ட்ராவலுக்கு வேற லெவல் சார்!"

"எல்லாமே வேற லெவல்னா எந்த லெவல்லதான்டா நான் இறங்கறது?" என்றார் மாமா. பிறகு, லிஃப்ட் மோட்டார் ரூமில் செய்வதைப் போலவே, ஓடிக்கொண்டிருந்த ஒவ்வொரு பெட்டியின் மேலும் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார். காய்ச்சல் பார்க்கிற டாக்டர் தோற்றார். வெள்ளையில் கை கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றது. முகம் மலர்ந்தது. "இது சத்தமே இல்லாம ஓடுதே. நல்ல மிஷின்."

"உங்க சகலை வீட்டுல இருக்கறது அதுதான் மாமா," என்றேன்.

சுட்டதுபோலக் கையை எடுத்தார்.

"அதானே பாத்தேன். லேசா உதறுது. கறுப்பைப் போடு தம்பி."

"மாமா, ஒரே மாதிரி பெட்டியா இருந்தா..."

"உனக்குத் தொழில் தெரியாது. ஒரு பில்டிங்ல ரெண்டு லிஃப்ட் இருந்தா ரெண்டுக்கும் ஒரே கம்பெனி கண்ட்ரோல் போர்டு போடக்கூடாது. ஒண்ணு படுத்தா இன்னொண்ணும் சேர்ந்து படுத்துக்கும். குடும்பத்துக்கும் அதே கணக்குதான்."

கறுப்பைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.

அடுத்த சனிக்கிழமை காலை, சுண்டெலி பையை எடுப்பதற்குள் மாமா பெட்டியை நீட்டினார். சுண்டெலி கத்திய கத்தலில் மேல்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. மாமா அதன் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். எலெக்ஷனில் ஜெயித்தவர் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

அப்புறம் சுண்டெலி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"அப்பா, இதுல எங்க ஊர் வருமா?"

"எந்த ஊர்?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. போன வருஷத்திலிருந்து சுண்டெலியும் சித்தப்பாவும் சேர்ந்து அந்த விளையாட்டுக்குள் ஒரு ஊரே கட்டியிருக்கிறார்கள். பாலம், தோட்டம், மீன் குளம், கூரையே இல்லாத ஒரு பள்ளிக்கூடம். மழை பெய்தால் லீவு விட வசதியாக இருக்கட்டும் என்று சுண்டெலிதான் கூரை போடவில்லையாம்.

"இது வேற கம்பெனிப்பா. எங்க ஊர் இதுல வராது."

"அதனால என்ன? இதுல புதுசா ஒரு ஊர் கட்டு. அதைவிடப் பெரிசா!"

"அங்கதாம்ப்பா என் வீடு இருக்கு."

சுண்டெலி அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லப்பா, இதுவும் ரொம்ப நல்லாதான் இருக்கு," என்றது. விருந்துக்குப் போன வீட்டில் பிடிக்காத பலகாரத்தை வைத்தால் சொல்லுவோமே, அதே குரல். கொஞ்ச நேரம் கறுப்புப் பெட்டியில் கார் ஓட்டியது. பிறகு சத்தம் வராமல் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டது.

ரெண்டு நாள் மாமா கறுப்பைத் துணி போட்டு மூடி வைத்தார். மூன்றாம் நாள் கறுப்பைக் கொடுத்துவிட்டு வெள்ளையை வாங்கி வந்தார். ஆனால் அதிலும் ஒரு முள். அந்த ஊருக்குள் நுழைய வேண்டுமானால் ஊரைத் தொடங்கியவர் கூப்பிட வேண்டும். தொடங்கியவர் சகலை. மாமா போனைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தை அளந்தார். அத்தைதான் நம்பரை அழுத்தி அவர் காதில் வைத்தார்.

"சகலை... ஒண்ணுமில்ல... உங்க ஊருக்குள்ள வரணும்..."

சகலைக்குக் குரல் எப்போதும் கல்யாண வீட்டு வாசலில் நிற்பதுபோல இருக்கும். "அட வாங்க வாங்க! இதுக்குப் போய் என்ன தயக்கம்? நானே வந்து எல்லாம் செட் பண்ணித் தர்றேன் சகலை!"

வந்தார். மாமாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த வீட்டிலிருந்தும் அந்த வீட்டிலிருந்தும் ஒரே ஊருக்குள் போகிற மாதிரி செய்து கொடுத்தார். டிவியில் ஊர் விரிந்தது. மாமா கிட்டே போய்ப் பார்த்தார்.

"அந்த மாடி வீடு யாருது?"

"சித்தப்பாது," என்றது சுண்டெலி.

"ஏரியைப் பாத்த மாதிரியா?"

"ஏரியை வெட்டினதே அவர்தாம்ப்பா."

"எனக்கு?"

"நீங்க இன்னிக்குத்தானே வர்றீங்க. அதோ, அந்தக் காட்டுல எடுத்துக்குங்க."

சகலை பெருந்தன்மையாக, "நல்ல இடம் சகலை, காத்தோட்டமா இருக்கும்," என்றார். மாமா சிரித்தார். பல் மட்டும்தான் சிரித்தது.

அன்றிலிருந்து மாமா காடு வெட்டத் தொடங்கினார். வேலை முடிந்து வந்தால் காடு. சாப்பிட்டால் காடு. "அவன் வீட்டைவிட ஒரு மாடி கூட வரணும். எத்தனை மாடின்னாலும் லிஃப்ட் நம்ம கையில இருக்கு," என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

சனிக்கிழமை வந்தது. மாமா எனக்குத் தெரிந்து முதல் தடவையாக லீவு போட்டார். காலையிலேயே சோபாவில் மகளும் அவரும். அத்தைக்கு ஒரே சந்தோஷம்.

"அப்பா, கண்ட்ரோலரைக் குடுங்கப்பா."

"இந்த ரிமோட்டா? இரு கண்ணா, இந்த ஒரு மரம்."

"போன மரத்துக்கும் அதான் சொன்னீங்க."

"வேர் ஆழமா போயிருக்குடா."

நான் குளித்துவிட்டு வந்தபோது மாமா டிவியைப் பார்த்துக் கூவிக்கொண்டிருந்தார். "அட, பாரேன்! ஏரிக்கரையில சிவப்புத் தொப்பி போட்டு யாரோ நிக்கறாங்க. நம்ம சுண்டெலி மாதிரியே இருக்கு!" என்று பெருமையாகப் பக்கத்தில் திரும்பினார். சோபா காலி. ஆணியில் பை இல்லை.

மெதுவாகப் போனை எடுத்தார்.

"எங்கடா கண்ணா இருக்க?"

"சித்தப்பா வீட்டுல. நீங்கதான் தரவே மாட்டேங்கறீங்களே. இங்க ரெண்டு கண்ட்ரோலர் இருக்குப்பா."

"அவன் பக்கத்துலயா உக்காந்திருக்க?"

"ஆமா. பாருங்க, உங்களுக்குக் கை காட்டறோம்."

டிவியில் ஏரிக்கரையில் இரண்டு குட்டி உருவங்கள் நின்று கை ஆட்டின. மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுகிற அந்தக் குரல் வந்தது. ஆனால் இந்த முறை உள்ளே மாட்டியிருந்தது அவர்தான். "அங்கேயே இரு... நான் வர்றேன்... கடைக்குப் போய் இன்னொரு ரிமோட் வாங்கலாம்... கலர் நீயே சொல்லு."

"நிஜமாவா?"

"நிஜமா."

சட்டையை மாட்டிக்கொண்டு செருப்பில் காலை நுழைத்தவர் வாசலில் நின்றார். திரும்பி வந்து ரிமோட்டை என் கையில் திணித்தார்.

"நான் வர்றவரைக்கும் நீ வெட்டிட்டே இரு," என்றார். "அந்தப் பக்கம், ஏரி தெரியற பக்கமா வெட்டு."