இருபத்திரண்டு கதவும் தேறல

முந்நூற்றியேழாம் அறைக் கதவை அகலத் திறந்து விட்டுவிட்டு, கார்லா பெல்லாங்கர் இரண்டடி பின்னால் போய்க் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். கதவு தானாக மெல்ல வருகிறது. சட்டத்தில் உட்கார்ந்து தாழ்ப்பாள் 'டக்'கென்று விழுகிறது. "நல்ல புள்ள" என்று கதவைத் தட்டிக்கொடுத்துவிட்டு, தீத்தடுப்புப் பதிவேட்டில் அந்த அறைக்கு நேரே 'தேறவில்லை' என்று எழுதுகிறாள்.

ஏனென்றால் அவள் வந்தபோது அந்தக் கதவு மூடியிருக்கவில்லை. அடியில் ஒரு பௌலிங் ஷூ செருகியிருந்தது. முந்நூற்று நான்கில் பீச் பழ டப்பா. முந்நூற்றுப் பதினொன்றிலிருக்கும் கிழவர் ஒரு காலத்தில் கர்லிங் ஆட்டக்காரர். பனித்தரையில் தள்ளி ஆடும் அந்த நாற்பது ராத்தல் கருங்கல்லையே முட்டுக் கொடுத்திருக்கிறார். அதை மூன்றாம் மாடிக்கு எப்படி ஏற்றினார் என்று கேட்டால் சிரிப்பாரே தவிர வாயைத் திறக்கமாட்டார்.

அமெரிக்காவின் துலூத் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் கார்லா பதினொரு வருஷமாகக் கட்டடப் பராமரிப்பைப் பார்க்கிறாள். வயது ஐம்பத்தெட்டு. அதற்கு முன் ஏரியில் ஓடும் தாதுக் கப்பல்களில் எந்திர அறை வேலை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஃபாரன்ஹீட் தெர்மாமீட்டர் இருக்கும். குழாயைக் கண்டால் கை சும்மா இருக்காது. தங்கை மகள் கல்யாணத்தில், மண்டபத்துக் கழிவறையிலிருந்து வந்து, "நூத்தி முப்பது டிகிரி கொதிக்குது, வயசானவங்க யாரும் அங்க கை வைக்காதீங்க" என்று மைக்கில் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தாள். மணப்பெண் இன்றுவரை அவளோடு பேசுவதில்லை. கார்லாவுக்கு அதில் வருத்தம் கிடையாது. தண்ணீர் நூற்று முப்பதுதானே இருந்தது?

பதிவேட்டில் பென்சிலால் எழுதமாட்டாள். "பென்சில எடுக்கிறவன் அழிக்கணும்னு முடிவு பண்ணிட்டுத்தான் எடுக்கிறான்" என்பாள்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன் இரண்டாம் மாடியில் ஒரு டோஸ்டர் பற்றிக்கொண்டது. நடைவழி முழுக்கக் கரும்புகை. ஆனால் கதவு மூடியிருந்த அறைகளில் ஒரு துளி புகை இல்லை. ஒருவர் உள்ளே சாவகாசமாக சூப் குடித்துக்கொண்டிருந்தார். அதைக் கண்ணால் பார்த்தவள் கார்லா. அதனால்தான் முட்டுக்கட்டையைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அதே சமயம், அதை வைப்பவர்களைத் திட்டவும் அவளுக்கு வாய் வராது.

காரணம், முந்நூற்றி இருபத்திமூன்றாம் அறை ஹில்டா நியெமி. எண்பத்தெட்டு வயது, முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிய அம்மாள்.

"கதவச் சாத்திட்டுப் போகாத, கார்லா. போன வாரம் வந்து சாத்துனீங்க. எதிர் ரூம் வால்டர் போயிட்டான்."

இல்லத்தில் அதுதான் வழக்கம். யாராவது இறந்துபோனால், சவ அடக்க நிலையத்து ஆட்கள் வருமுன் பணியாளர்கள் வரிசையாக எல்லாக் கதவுகளையும் சாத்திவிடுவார்கள். மற்றவர்கள் பார்த்து மனம் நோகக் கூடாதாம். பின்பக்க லிஃப்ட் கீழே போன சத்தம் கேட்டபிறகு திறந்துவிடுவார்கள்.

"எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனப்பு. பின்னாடி எவன் ஏறினான், எவன் எறங்கினான்னு திரும்பாமலே சொல்றவ நான்."

"தீப்பிடிச்சா என்ன பண்ணுவீங்க, மிஸஸ் நியெமி?"

"அதுக்காக உசுரோட இருக்கும்போதே பெட்டிக்குள்ள படுத்துக்கச் சொல்றியா, கண்ணு?"

கார்லா இதற்கு வழி தெரியாதவள் அல்ல. கதவைத் திறந்தபடி பிடித்துக்கொள்ளும் காந்தம் ஒன்று உண்டு. தீ அலாரம் அடித்தால் தானே விட்டுவிடும், கதவு மூடிக்கொள்ளும். எட்டு மாதமாக, மாதா மாதம், மூன்றாம் மாடியின் இருபத்திரண்டு 'தேறவில்லை'க்குக் கீழே ஒரே வரியை எழுதிக்கொண்டிருக்கிறாள்: 'இருபத்திரண்டு காந்தம் வேண்டும்.' இல்லத்தை நடத்தும் கம்பெனியின் தலைமையகத்திலிருந்து 'பரிசீலனையில் உள்ளது' என்று எட்டுப் பதில்கள் வந்திருக்கின்றன.

இல்லத்து நிர்வாகி பிரென்ட் ஆஸ்ட்ராண்டருக்கு முப்பத்துநாலு வயது. கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. மேலிடத்துக்குப் பயந்தவன், அவ்வளவே.

"கதவு நல்லாத்தானே இருக்கு, கார்லா?"

"கதவுக்கு ஒரு கொறையும் இல்ல. மூட விடமாட்டேங்குறாங்க."

மாநில அரசின் தீப் பாதுகாப்பு ஆய்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பிரென்ட் அவளை அறைக்குக் கூப்பிட்டான். மேஜைமேல் புத்தம்புதுப் பதிவேடு. எட்டு மாதத்துக்கும் எல்லாக் கதவும் 'தேறியது' என்று ஒரே பேனாவில் எழுதியிருந்தது. பழைய பதிவேட்டைக் காணோம்.

"ஒரு கையெழுத்துப் போட்டுருங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

கார்லா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தாள்.

"முந்நூத்திப் பதிமூணு தேறிடுச்சா?"

"தேறிடுச்சுன்னுதானே போட்டிருக்கு."

"எட்டு மாசமும்?"

"எட்டு மாசமும்."

"அந்த நம்பர்ல நம்மகிட்ட ரூமே கெடையாது, பிரென்ட். பதிமூணு ஆகாதுன்னு கட்டினவன் விட்டுட்டான். கடைசி ரூம் முந்நூத்தி இருபத்திமூணு. மிஸஸ் நியெமி இருக்காங்களே, அது. அத விட்டுட்டீங்க."

பிரென்டுக்குக் காது சிவந்தது. "உங்க வேலையப் பத்தியும் கொஞ்சம் யோசிங்க, கார்லா."

"வேலையப் பத்தித்தான் யோசிக்கிறேன்" என்று பேனாவை மூடி வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

பயம் இல்லாமல் இல்லை. ஓய்வூதியத்துக்கு இன்னும் நாலு வருஷம் பாக்கி. இந்த வயதில் வேறு எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்? இருந்தும் கையெழுத்துப் போடவில்லை.

ஆய்வு நாளன்று விடிந்ததும் பிரென்ட் ஆள்விட்டு முட்டுகளையெல்லாம் சலவை வண்டியில் வாரிக்கொண்டு போகச் செய்தான். கர்லிங் கல்லுக்கு மட்டும் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். இருபத்திரண்டு கதவும் சாத்தியாயிற்று. காரணம் யாருக்கும் சொல்லவில்லை. எந்த அறையிலும் தொலைக்காட்சிச் சத்தம்கூட இல்லை. உள்ளே ஒவ்வொருவரும் யார் போனது என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

பத்து மணிக்கு மாநில ஆய்வாளர் வந்தார். குட்டையான, அதிகம் பேசாத ஓர் அம்மாள். நடைவழியின் கடைசிவரை நடந்து பார்த்தார்.

"எல்லாம் சாத்தி இருக்கு பாருங்க" என்றான் பிரென்ட்.

ஆய்வாளர் கார்லாவின் பக்கம் திரும்பினார். "எப்பவும் இப்படித்தானா?"

பிரென்ட் இருமினான். கார்லா அவனைப் பார்க்கவில்லை. கடைசி அறைக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

"மிஸஸ் நியெமி, நான்தான் கார்லா. யாரும் சாகல. வெளிய வாங்க."

உள்ளே வாக்கர் நகரும் சத்தம். ஹில்டா கதவைத் திறந்து, வெளுத்த முகத்தோடு நடைவழியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எண்ணிப் பார்த்தார். "யாரும் போகலையா? நெசமாவா?"

"நெசமாத்தான்."

எதிர் வரிசையில் ஒரு கதவு திறந்தது. அதற்கடுத்து இன்னொன்று. தலைகள் நீண்டன.

கார்லா ஆய்வாளரைப் பார்த்தாள். "எழுதிக்குங்க. முந்நூத்தி இருபத்திமூணு, தேறல." சொல்லிவிட்டு, மூடிக்கொள்ள வந்த கதவுக்கடியில் தன் பூட்ஸ் காலைக் கொடுத்து, அழுத்திக்கொண்டு நின்றாள்.