மேலே தடுத்த ஏவுகணை

துடியலூர் செங்கோடன் பம்ப்செட் மெக்கானிக். அவன் சவுதிக்குப் போன இரண்டாம் வருஷம் வளைகுடாப் போர் மூண்டது. அவன் வேலை பார்த்த கான்ட்ராக்ட் கம்பெனி, கூட்டணிப் படைகளின் முகாமுக்குத் தண்ணீர் ஏற்றிக் கொடுத்தது. அமெரிக்கர், பிரிட்டிஷ்காரர், எகிப்தியர் என்று பல நாட்டுச் சிப்பாய்கள் ஒரே வேலிக்குள் இருந்தார்கள். ஈராக்கிலிருந்து வரும் ஏவுகணையை வானத்திலேயே மறித்து உடைக்கும் எதிர் ஏவுகணைகள், முகாமின் கோடியில் லாரி மேல் நின்றன. சிப்பாய்களுக்கெல்லாம் விஷவாயு முகமூடி கொடுத்தார்கள். தங்களுக்கும் வேண்டுமென்று பம்ப் ஓட்டுகிறவர்கள் கேட்டபோது, துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டார் சூப்பர்வைசர்.

செங்கோடனோடு அறையில் இருந்தவன் பெருந்துறை வெள்ளியங்கிரி. ஏவுகணை வருகிறதென்று அபாயச் சங்கு ஊதினால் மற்றவர்கள் கட்டிலுக்கடியில் நுழைவார்கள். இவன் வாசலில் போய் நின்று அண்ணாந்து பார்ப்பான். செங்கோடன் திட்டினாலும் சிரிப்பான்.

ஒருநாள் பொழுது சாயும் நேரம், வால்வை மூடிவிட்டு வருவதாகச் சொல்லி வெள்ளியங்கிரி பம்ப் ஷெட்டுக்குப் போனான். சற்றைக்கெல்லாம் சங்கு ஊதியது. முகாமிலிருந்து இரண்டு நெருப்புக்கோடுகள் எழும்பின. உச்சியில் வெள்ளையாய் ஏதோ வெடித்தது. சிப்பாய்கள் கை தட்டினார்கள், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

செங்கோடன் போய்ப் பார்த்தபோது ஷெட்டின் தகரக் கூரை உள்வாங்கிக் கிடந்தது. உடைந்த ஏவுகணையின் துண்டம் ஒன்று, ஆள் நீளத்துக்கு, வெள்ளியங்கிரியின் மேல் விழுந்திருந்தது. மூச்சில்லை. பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. செங்கோடன் வால்வை மூடினான். மோட்டாரை நிறுத்தினான். அதற்குப் பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டான். அழுகை வரும் என்று காத்திருந்தான், வரவில்லை. மறுநாள் காலை அதே ஷெட்டில் கூரைத் தகரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு மோட்டாரை ஓட்டினான்.

போர் முடிந்து விமானம் ஓடத் தொடங்கியதும், வெள்ளியங்கிரியின் சவப்பெட்டியோடு அவனே ஊருக்குத் துணைக்கு வந்தான். பெருந்துறையில் காரியமெல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, வெள்ளியங்கிரியின் மனைவி காளியாத்தாள் அவனிடம் கேட்டாள்.

“ஏனுங்கண்ணா, அதைத் தடுத்துப்போட்டாங்கன்னு ரேடியோவுல சொன்னாங்களே?”

“ஆமாங்க அம்மணி. தடுத்துப்போட்டாங்க.”

“அப்பொறம் எப்படிங்க?”

“மேல தடுத்தாங்க. ஒடைஞ்சது கீழ உழுந்துருச்சுங்க.”

அவள் தலையாட்டினாள். மோர் கொண்டுவந்து வைத்தாள். அவன் குடித்தான். புளித்ததா என்றுகூடத் தெரியவில்லை.

துடியலூரில் பார்க்க வந்தவர்களெல்லாம் டி.வி.யில் பார்த்த சண்டையைப் பற்றியே கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றான். ஒரு வார்த்தையாவது மனசு விட்டுப் பேசச் சொல்லி மனைவி செவ்வந்தி கெஞ்சிப் பார்த்தாள். பேச என்ன இருக்கிறதென்று அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

அடுத்த வருஷம் குவைத்தில் பழைய பம்புகளைச் சரிசெய்ய ஆள் எடுத்தார்கள். ஏஜென்ட் வந்து கேட்டதும் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தான்.

“பயமா இல்லீங்களா?” என்றாள் செவ்வந்தி.

இருந்தால் நன்றாயிருக்கும் என்றுதான் அவனுக்குத் தோன்றியது. இல்லை என்று சொல்லிவிட்டுச் சட்டைகளை மடித்துப் பையில் வைத்தான்.