லாயத்துச் சுவரில் ஒட்டிய காகிதம்

மழை பெய்தால் எங்கள் வீட்டுத் தரையிலிருந்து குதிரை மூத்திர வாடை கிளம்பும். அந்தத் தரையில் கடைசிக் குதிரை நின்று நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அம்மா சாணம் போட்டு மெழுகினாள், பினாயில் ஊற்றிக் கழுவினாள், ஊதுவத்தி கொளுத்தினாள். கல்லுக்குள் ஊறிப்போன வாடை எதற்கும் அசையவில்லை. இன்றும் மழை நாளில் ஏதாவது பழைய கட்டடத்தைக் கடந்து போக நேர்ந்தால், அந்த வாடை இருக்கிறதோ இல்லையோ, முதலில் என் கால் சுவரை விட்டு விலகி நடக்கிறது, அப்புறம்தான் எதற்காகப் பயந்தோம் என்பது நினைவுக்கு வருகிறது.

எண்பதுகளின் நடுவில் ஓசூரில் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்தவர்களின் கூட்டத்துக்கு ஊரில் வீடுகள் போதவில்லை. மத்திகிரிக்குப் போகும் வழியில் வெள்ளைக்காரன் காலத்துக் குதிரை லாயம் ஒன்று பாழடைந்து கிடந்தது. இரண்டடிக் கனத்தில் கல்லும் மண்ணும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய நீண்ட பின்சுவர், முன்னால் கல் தூண்கள், மேலே ஓடு. பெங்களூரில் இருந்த அதன் சொந்தக்காரரின் மேனேஜர், குதிரைக்கு ஒன்றாக இருந்த அறைகளைக் குடும்பத்துக்கு இரண்டாக வாடகைக்கு விட, பன்னிரண்டு குடும்பங்கள் குடியேறின. தடுப்புச் சுவர் எழுப்புவது, கதவு வைப்பது எல்லாம் குடியிருப்பவர் பாடு. ஃபேக்டரியில் மெஷின் வந்திறங்கும் "பொட்டிப் பலகை"யைத்தான் எல்லாரும் கொண்டுவந்து அடித்தார்கள். எங்கள் வீட்டுப் பலகையில் மேல்பக்கத்தைக் காட்டும் பெரிய அம்புக்குறி ஒன்று இருந்தது. அப்பா அதைத் தரையைப் பார்க்க வைத்து ஆணியடித்திருந்தார்.

அங்கே எதுவும் வீணாகவில்லை. குதிரைக்குத் தீனி போட்ட நீளமான கல் தொட்டியைக் கவிழ்த்தால் அடுப்பு மேடை. குதிரையைக் கட்டிய இரும்பு வளையங்களில் லாந்தரும் பையும் துணிக்கொடியும் தொங்கின. பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்ததும் பெண்கள், "காலையில கொள்ளுதானே தின்ன?" என்று கேட்பார்கள். அன்றைக்கு அம்மா உண்மையிலேயே கொள்ளு ரசம் வைத்திருந்தாளானால் எனக்கு அழுகை வந்துவிடும். ஆனாலும் லாயத்தை நான் ஒரு வார்த்தை விட்டுக்கொடுத்ததில்லை. அதற்கு முன் நாங்கள் இருந்தது ராயக்கோட்டைக்குப் பக்கத்தில், பெரியப்பா வீட்டில். தக்காளித் தோட்டத்தில் விடிந்தால் எழுந்து பொழுது சாயும்வரை அம்மாவுக்குக் கூடை சுமக்கிற வேலை. எனக்கு அடுத்துப் பிறந்திருக்க வேண்டிய ஒன்று அந்தக் கூடையோடு கலைந்துபோனது. லாயத்துக்கு வந்த இரண்டாம் வருஷம் அம்மா மறுபடி உண்டாகியிருந்தாள், ஏழாம் மாதம். எனக்கு அப்போது ஒன்பது வயது.

பின்சுவரில் திறப்பே கிடையாது. குதிரைக்கு ஜன்னல் எதற்கு? ஆனால் விறகடுப்புப் புகை போக வேண்டுமே. ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் இஷ்டத்துக்குச் சுவரை உடைத்து ஜன்னல் வைத்துக்கொண்டார்கள். அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கத்தில் உடைத்தார். அடுத்த ஞாயிறு, பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஸ்டெல்லா அக்காவின் வீட்டுக்காரர் உடைத்தார். ஸ்டெல்லா அக்கா திண்டுக்கல்காரி. கைக்குழந்தை ரோஸியோடு வந்தவள். களி கிண்டத் தெரியாது, எங்களிடமிருந்து ஒரு உருண்டை போனால் பதிலுக்கு ஒரு கிண்ணம் சோறு வரும். இரண்டு ஜன்னலுக்கும் நடுவில் மிஞ்சிய சுவர் ஒரு முழம்தான் இருக்கும். ஐப்பசி மழை பிடித்த பத்தாம் நாள், அந்த ஒரு முழத்திலிருந்து கிளம்பி எங்கள் அடுப்பு மேடைக்கு மேலே சாய்வாக ஓடு வரைக்கும் ஒரு விரிசல் ஓடியிருந்தது.

நஞ்சப்பா மேஸ்திரியை அப்பா கூட்டிவந்தார். கன்னடக்காரர், தமிழ் பேசுவார், யோசிக்கும்போது மட்டும் கன்னடத்துக்குப் போய்விடுவார். விரிசலில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, மைதாப் பசை காய்ச்சச் சொல்லி, தன் டிபன் டப்பாவைச் சுற்றியிருந்த கன்னடப் பேப்பரில் ஒரு சாண் நீளத்துக்குத் துண்டு கிழித்து, விரிசலுக்குக் குறுக்கே ஒட்டினார்.

"இது கிழியலன்னா செவுரு நின்னுடுச்சின்னு அர்த்தம். கிழிஞ்சா, செவுரு நகருது. அப்பறம் ஒரு நாளும் உள்ள இருக்கக்கூடாது," என்றார்.

மேனேஜரும் அன்றைக்கு வந்திருந்தார். "நகந்தா எல்லாரும் காலி பண்ணிடணும், சொல்லிட்டேன். செத்துக்கித்துத் தொலைச்சீங்கன்னா யாரு கோர்ட்டுக்கு அலையறது?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை அப்பா அம்மாவிடம் சொன்னது எனக்கு மனப்பாடம். "அப்பிடி எதுனா ஆச்சின்னா நீயும் பாப்பாவும் அண்ணன் ஊட்டுக்குப் போயிடுங்க. நான் ரூம் பசங்களோட தங்கிக்கறேன்." அம்மா களியை உருட்டிக்கொண்டிருந்தாள். உருட்டி முடித்த உருண்டையையே திரும்பத் திரும்ப உருட்டினாள். ஸ்டெல்லா அக்கா ஜன்னல் காற்றுக்காகப் பின்சுவரை ஒட்டிக் கட்டியிருந்த ரோஸியின் தூளியை அவிழ்த்து வாசல் பக்கம் கட்டினாள்.

மூன்றாம் நாள் காலை நான் பல் விளக்கிவிட்டு வந்து பார்த்தேன். காகிதம் நடுவில் கிழிந்திருந்தது.

பெரிய கிழிசல் இல்லை, ஒரு நூல் அகலம்தான். ஆனால் அந்த நூலுக்குள் நான் பெரியப்பா வீட்டு வாசலைப் பார்த்தேன், அம்மாவின் தலையில் கூடையைப் பார்த்தேன். அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள், அப்பா ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குப் போய்விட்டார். எல்லையோரத்துக் கடைகளில் தமிழ்ப் பேப்பர், கன்னடப் பேப்பர் இரண்டிலும் பொட்டலம் கட்டுவார்கள். பருப்புப் பொட்டலத்தில் கன்னடப் பேப்பர் கிடைத்தது. ஸ்டெல்லா அக்கா கொடுத்த பழைய சோற்றை நசுக்கிப் பசையாக்கி, மேடைமேல் ஏறி, பழைய காகிதத்தின் மேலேயே புதியதை ஒட்டினேன். தள்ளி நின்று பார்த்தால் அப்படியே இருந்தது. அந்த எழுத்தில் எனக்கு ஒன்றுகூடத் தெரியாது, அதனால் எனக்கு எல்லாம் சரியாகவே தெரிந்தது.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. வகுப்பில் டீச்சர் கேள்வி கேட்கும்போது சுவர்தான் கண்ணுக்குள் நிற்கும். மணியடித்ததும் ஓடுவேன், திருப்பத்தில் லாயத்து ஓடு தெரிந்த பிறகுதான் மூச்சு வரும். சுவர் நகருகிறது என்றால் எந்தப் பக்கம் நகருகிறது, எங்களைப் பார்த்தா, வெளியே பார்த்தா என்று யாரிடமும் கேட்க முடியவில்லை. ஏன் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது? அம்மா அடுப்பு மேடையில் குனியும்போதெல்லாம் ஏதாவது பொய் சொல்லி அவளை வாசலுக்குக் கூப்பிட்டேன். "என்னடி வேணும் உனக்கு, சும்மா சும்மா?" என்பாள். அவள் முகமும் அந்த நாட்களில் வெளுத்துத்தான் இருந்தது. வயிற்றுப் பிள்ளையால் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடி கிழிந்தது, மறுபடி ஒட்டினேன். பிறகு மூன்று நாள் காகிதம் முழுசாகவே இருந்தது. சுவர் நின்றுவிட்டது என்று நம்பி, போகிற வழியில் இருந்த பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டேன். நான்காம் நாள் கிழிந்தது. மூன்றாம் முறை ஒட்டினேன். வேறு ஊரில் வேலையாக இருந்த மேஸ்திரியை அப்பா பஸ் ஸ்டாண்டில் பார்த்து, "கிழியல" என்று சொல்ல, அவரும் "அப்ப நின்னுடுச்சி, ஒழிஞ்ச நேரத்துல வந்து பாக்கறேன்" என்றாராம். லாயமே மூச்சு விட்டது. ஆளுக்காள் எங்கள் வீட்டுக்குள் வந்து காகிதத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் சனிக்கிழமை, அரை நாள் பள்ளிக்கூடம். தூறலில் நனைந்துகொண்டு வந்தவள் ஸ்டெல்லா அக்கா வீட்டை எட்டிப் பார்த்தேன். ரோஸியின் தூளி பழையபடி பின்சுவரோரம் தொங்கிக்கொண்டிருந்தது.

"வாசப்பக்கம் சாரல் அடிக்கிதுடி. அதான் காயிதம் கிழியலையே," என்றாள் அக்கா, வெளியே துணி எடுத்துக்கொண்டே.

நான் உள்ளே போனேன். குதிரை வாடை எழுந்திருந்தது. தூளிக்கு மேலே ஜன்னல் ஓரத்திலிருந்து மண் பொலபொலவென்று உதிரும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. தூளிக்குள் ரோஸி கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது வந்த பயம் என் வாழ்நாளில் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கி, லாயத்துக்கு எதிரே இருந்த வேப்பமரத்தடி வரைக்கும் ஓடினேன்.

"கிறுக்கு பிடிச்சிருச்சா ஒனக்கு? பிள்ளைய மழையில கொண்டு வந்து நிறுத்துற?" அக்கா துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்து பிள்ளையைப் பறித்தாள். சத்தம் கேட்டு எல்லா வீட்டிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். அம்மாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"கிழிஞ்சிதுக்கா. நாந்தான் ஒட்டினேன். மூணு தடவ ஒட்டினேன்," என்றேன்.

ஸ்டெல்லா அக்கா ரோஸியை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்த பார்வைக்கு அடித்திருந்தால்கூடத் தேவலாம். அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. லாயத்தைப் பார்த்துக்கொண்டே, "ஊட்டுக்குள்ள யாரும் போவாதீங்க," என்று மட்டும் சொன்னாள்.

பொழுது சாய்வதற்குள் மேஸ்திரியைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். அவர் மட்டும் உள்ளே போய், காகிதத்தைச் சுவரிலிருந்து அப்படியே பெயர்த்தெடுத்து வெளியே கொண்டுவந்தார். அட்டை மாதிரி தடித்திருந்தது. "நோடு, இங்க பாரு, எழுத்து தலைகீழா இருக்குது. நான் வந்து ஒரு பார்வ பாத்திருந்தாப் போதும்," என்று தலையில் அடித்துக்கொண்டார். அப்பா என்மேல் கையை ஓங்கினார். அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அவள அடிக்காதீங்க" என்றாள். அப்பாவை அவள் அப்படித் தடுத்து நான் பார்த்ததில்லை. அவரும் பார்த்திருக்க மாட்டார், கை தானாக இறங்கியது.

மேஸ்திரி நகத்தால் ஒவ்வொரு காகிதமாக உரித்தார். மேலே இருந்தது என்னுடையது, பின்பக்கம் சோற்றுப் பருக்கை வெள்ளையாகக் காய்ந்திருந்தது. அதற்கடியில் ஒன்று, அதன் பின்பக்கம் செம்பழுப்பாக இருந்தது. அதற்கடியிலும் ஒன்று செம்பழுப்பு. பிறகு என்னுடையது. மறுபடி செம்பழுப்பு. பிறகு மறுபடி என்னுடையது, அதற்கடியில்தான் அவர் ஒட்டிய மைதா. செம்பழுப்புக் காகிதங்களிலும் எழுத்து தலைகீழாகத்தான் இருந்தது. மேஸ்திரி ஒன்றை முகர்ந்து பார்த்தார். கேழ்வரகுக் களி. அந்தச் சுவரைப் பங்கிட்ட இரண்டு வீடுகளில் களி கிண்டுவது ஒரு வீட்டில்தான்.

அவர் அம்மாவை ஒருமுறை பார்த்தார். பிறகு எல்லாக் காகிதத்தையும் சேர்த்துக் கசக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "கொழந்த வேல, விடுங்க," என்றார்.

மறுநாள் காலை எல்லாச் சாமானையும் வெளியே எடுத்துவிட்டு, தைலமரக் கழிகளை முட்டுக் கொடுத்து, அந்த இடத்தை மட்டும் இடிக்கப் போனார்கள். கடப்பாரையின் மூன்றாவது குத்துக்கே ஒரு ஆள் உயரத்துக்குச் சுவர் வீட்டுப் பக்கமாகச் சரிந்து விழுந்தது. எந்தப் பக்கம் நகருகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தூளி தொங்கிய இடத்தில் கிடந்த கற்களை ஸ்டெல்லா அக்கா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆண்களெல்லாம் ஷிப்டு மாற்றிக்கொண்டு நின்று செங்கல் வைத்துக் கட்டினார்கள். கட்டி முடித்த சுவரைப் பார்த்த மேனேஜர் காலி பண்ணும் பேச்சையே எடுக்கவில்லை. போகும்போது மேஸ்திரி என் கன்னத்தைத் தட்டி, "மொத நாளே சொல்லியிருந்தாலும் இவ்ளோதான் கண்ணு வேல," என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது இன்றுவரை ஆறவில்லை.

தை மாதம் தம்பி அந்த வீட்டில்தான் பிறந்தான். மேலும் ஒன்பது வருஷம் அங்கே இருந்தோம். அம்மாவும் நானும் அந்தக் காகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஸ்டெல்லா அக்கா வீட்டிலிருந்து சோறு வருவது நின்றது, ஒரு வருஷம் கழித்து மறுபடி வந்தது.

இப்போது அங்கே லாயம் இல்லை. ஆறு மாடிக் குடியிருப்பு எழும்பிவிட்டது. அதன் வாசலில் இரண்டு கல் தொட்டிகளில் குரோட்டன்ஸ் வைத்திருக்கிறார்கள். வளையங்கள் எந்தக் காயலான் கடைக்குப் போயினவோ. மழையில் அங்கே போய் நின்று பார்த்தேன், சிமெண்டு வாடைதான் அடித்தது.

நானும் அம்மாவும் ஓசூரிலேயே வேறொரு அடுக்ககத்தில் இருக்கிறோம். போன மழைக்குச் சமையலறைச் சுவரில் மெல்லிய கோடு ஒன்று விழுந்தது. வெறும் பூச்சு விரிசல்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று எஞ்சினியர் சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலையே செய்தித்தாளில் ஒரு சாண் கிழித்துக் குறுக்கே ஒட்டினேன். எழுபது தாண்டிய அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், ஏனென்று கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். காகிதம் முழுசாக இருந்தது. அம்மா ஹாலில்தான் இருக்கிறாள் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, நகத்தால் ஓரத்தைக் கிள்ளி, அடியில் இன்னொரு காகிதம் இருக்கிறதா என்று உரித்துப் பார்த்தேன்.