திராட்சைத் தோட்டத்து ரோட்டில் ஒரு "யா தே"

என் வீட்டுக்காரர் பிரான்சில் வாடகைக் கார் எடுக்கப்போவதாகச் சொன்ன நிமிடத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. காரைக்கால்காரரைக் கட்டிக்கொண்டு பாரிஸ் பக்கம் குடியிருக்கிற என் தங்கச்சியைப் பார்க்கப் போயிருந்தோம். தெற்கே, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில், கோட்டைச் சுவரோடு ஒரு பழைய ஊர் இருக்கிறது, ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அவள்தான் சொன்னாள். ரயில் என்றதும் இவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"யாங்கோன் ரோட்டுல ஓட்டுறவனுக்கு இதெல்லாம் ஒரு ரோடா?"

உயிரோடு திரும்பினால் போதும் என்று அப்போதே நேர்ந்துகொண்டேன்.

எங்கள் ஊர் வண்டிகளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், சாலையின் வலது ஓரமாகத்தான் போக வேண்டும். ஆனால் வண்டிகளோ ஜப்பானில் இடது ஓரம் ஓட்டுவதற்காகச் செய்து, பழசாகி, கப்பலேறி வந்தவை. ஸ்டியரிங்கும் வலது பக்கமே. ஆக, ஓட்டுகிறவர் சாக்கடைப் பக்கம் உட்கார்ந்திருப்பார். முன்னால் ஒரு லாரி போனால் எதிரே வருவது எதுவும் அவருக்குத் தெரியாது. இடது சீட்டில் இருப்பவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்து, "யா தே" என்று சொல்ல வேண்டும். பர்மியில் 'சரி, போகலாம்' என்று அர்த்தம். அதைக் கேட்ட பிறகுதான் தாண்டுவார்கள்.

எங்கள் வண்டியில் அது என் வேலை. யாங்கோனின் பபேடான் பேட்டையில் எங்களுக்கு பிளாஸ்டிக் சாமான் கடை. வாரந்தோறும் ஊருக்கு வெளியே ஷ்வேப்யிதாவில் இருக்கிற ஆலைக்குப் போய் வாளியும் குடமும் ஏற்றி வருவோம். வீடு வந்து சேரும்போது தூசியில் என் முகம், பர்மியப் பெண்கள் அப்பிக்கொள்ளும் தனாக்காச் சாந்து பூசியது போல இருக்கும். கடைப் பையனைக் கூட்டிப் போங்கள் என்றால் கேட்க மாட்டார். "உன்ன மாதிரி பாத்துச் சொல்ல ஆளு இல்ல புள்ள" என்பார். பிறகு நான் இல்லாமல் வண்டியைத் தொடுவதே இல்லை என்றானது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அன்று காலை வாடகை வண்டியின் வலது கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டு, ஸ்டியரிங்கைத் தேடினார். பிரான்சிலும் வலது ஓரம்தான் ஓட்டுவார்கள், ஸ்டியரிங் மட்டும் இடது பக்கம். சாவி கொடுத்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்ததோடு சரி, பெரிய சாலையில் ஏறியதும் கைப்பையின் வாரைத் திருகத் தொடங்கினேன். வாழ்நாளில் முதல் தடவையாக வண்டியில் எனக்கு வேலை இல்லை. சாலைப் பக்கம் அவர், ஓரத்தில் நான். என் ஜன்னலில் கொடி கொடியாகத் திராட்சை மட்டும் ஓடியது. எதிரே என்ன வருகிறதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது இவ்வளவு கஷ்டமா! நான் எட்டி எட்டிப் பார்க்க, "சும்மா இரி" என்று அதட்டினார்.

பெரிய சாலையை விட்டு ஊருக்குப் பிரிகிற குறுகின சாலையில் ஒரு டிராக்டர் முன்னால் வந்து மாட்டியது. பறித்த திராட்சையை மலையாகக் குவித்துக்கொண்டு அன்னநடை போட்டது. தாண்டுவார் என்று பார்த்தேன். தாண்டவில்லை. பின்னால் வந்த கார்கள் ஒவ்வொன்றாக எங்களையும் டிராக்டரையும் சேர்த்துத் தாண்டிப் போயின. ஒருவன் கையை ஆட்டி ஏதோ திட்டிக்கொண்டு போனான்.

"போலாமா?" என்றார் இவர்.

"என்னயக் கேட்டா? ரோட்டுப் பக்கம் நீங்கதானே இருக்கிய!"

"பாத்துச் சொல்லு புள்ள."

"எனக்கு இங்கன திராட்சதான் தெரியுது. உங்க கண்ணு எங்க போச்சு?"

கோபத்தில் கேட்டது. அவர் வண்டியை மெல்ல ஓரம் கட்டி, இஞ்சினை அணைத்தார். டிராக்டர் தன்பாட்டில் போயிற்று.

"இடது கண்ணு மங்கிப் போச்சு. ரெண்டு மழைக்காலம் ஆச்சு" என்றார், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே. "ஊருல அந்தப் பக்கம் நீ இருந்த. அதான் வெளிய தெரியல."

ஷ்வேப்யிதா பாதையில் எதிரே வந்த லாரிகளெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. இத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்தாரே என்று ஆத்திரம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். டாக்டரிடம் காட்டினீர்களா என்றேன். காட்டினாராம், இனி தெளியாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டாராம். என்னிடம் சொன்னால் சாவியைப் பிடுங்கிவிடுவேன் என்று இவர் பயந்தாராம். பிடுங்கித்தான் இருப்பேன்.

அந்தத் தோட்டத்தில் எவ்வளவு நேரம்தான் நிற்பது? நான் இறங்கி, பின்சீட்டில், அவருக்கு நேர் பின்னால் ஏறிக்கொண்டேன். கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினேன். முக்காடு காற்றில் படபடவென்று அடித்தது. எதிரே சாலை வெறிச்சோடிக் கிடக்கும்போதெல்லாம் நான் கத்தினேன்: "யா தே!" அவர் கேட்ட மாத்திரத்தில் மிதித்தார்.

ஊர் அழகுதான். பல வண்ண ஓடு வேய்ந்த கூரைகள், கல் பாவிய தெருக்கள். வாசலுக்கு வாசல் ஒயின் குவளையை நீட்டி ருசி பார்க்கச் சொன்னார்கள். எங்களுக்கு ஹராமாச்சே என்று கையை ஆட்டிவிட்டு நடந்தோம். எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. அவருடைய இடது பக்கமாகவே நடந்துகொண்டிருந்தேன். மாலை தங்கச்சி வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, திரும்பும் வழியில் வண்டியை அவரே ரயிலில் வந்து ஓட்டும்படி ஆயிற்று.

யாங்கோனுக்கு வந்ததும் சாவியைக் கேட்டேன். எடுத்துக் கொடுத்தார். இந்த வயதுக்கு மேல் நான் ஓட்டக் கற்றதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. சிரிக்கட்டும். இப்போது ஷ்வேப்யிதா பாதையில் சாக்கடைப் பக்கம் நான். இடது சீட்டில் அவர். லாரி முன்னால் வந்தால் கழுத்தை முழுக்கத் திருப்பி, இருக்கிற ஒரு கண்ணால் நிதானமாகப் பார்த்து, "யா தே" என்கிறார்.

எனக்குப் பயமில்லாமல் இல்லை. ஆனால் அந்த மனிதர் ரெண்டு மழைக்காலம் என் ஒரு சொல்லை நம்பி மிதித்தவர். நானும் மிதிக்கிறேன்.