செல்லோக் கச்சேரியில் ஓர் உதை

அறுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தோம். முதல் குழந்தை வயிற்றிலேயே தவறிவிட்டது. மறுபடி ஏழு மாதமாக இருந்தபோது ஒருநாள் காலையிலிருந்து குழந்தை அசையவே இல்லை. கணவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போன தடவை அவர் அழுததைப் பார்த்திருக்கிறேன்.

வேலையிலிருந்து மத்தியானமே வந்துவிட்டவர், "கிளம்பு, திருச்சி காலேஜ்ல வெள்ளைக்காரங்க கச்சேரியாம்" என்றார். அவரோடு பஸ் ஏறினேன்.

மேடையில் ஒரு பெரிய இசைக்குழுவின் செல்லோக் கலைஞர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய வயலின் போன்ற வாத்தியத்தை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, எல்லோரும் ஒன்றாக வில்லை இழுத்தார்கள். அந்தக் கனத்த நாதம் மரத்தரை வழியாக ஏறி என் பெஞ்சையே அதிர வைத்தது. சற்று நேரத்தில் வயிற்றுக்குள் ஓர் உதை. பிறகு இன்னொன்று.

அவர் கையை இழுத்து வயிற்றின் மேல் வைத்தேன்.

"காலையிலேர்ந்து அசையலைங்க. சொல்ல பயமா இருந்துச்சு."

"தெரியும். காபி போடும்போதுகூட வயித்துலேர்ந்து நீ கையை எடுக்கலை. டாக்டரம்மா சாயங்காலம்தான் வருவாங்க. அதுவரைக்கும் வீட்ல உட்கார்ந்து பயப்பட வேணாம்னுதான் கூட்டிட்டு வந்தேன்." கச்சேரி முடியும்வரை அவர் கையை எடுக்கவே இல்லை.

சாயங்காலம் டாக்டரம்மா வயிற்றில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு" என்றார். மகள் சுகமாகப் பிறந்தாள்.

எதையும் கவனிக்காத மனிதர் என்றுதான் அவரை நினைத்திருந்தேன். அன்றைக்குப் பிறகு எந்தப் பயத்தையும் நான் தனியாக வைத்துக்கொண்டதில்லை.